ஈயக்குண்டின் கதை: பேக்கர் துரை முதல் எங்கள் வட்டை வரை

இறக்காமத்தில் என் தாய்மாமாவின் வீட்டிலே பழைய தகரப் பெட்டியொன்று இருந்தது. காணி உறுதிகளும் தண்ணீர்வரிப் பற்றுச்சீட்டுகளும் நிறைந்திருந்த அந்தப் பெட்டியின் அடியில், துருப்பிடித்த இரும்புக் குறடு போன்ற ஒரு கருவி கிடந்தது. கைப்பிடிகளை விரித்தால் இரு தாடைகளிலும் பக்கத்துக்கொன்றாக அரைக்கோளக் குழி. சிறுவனாக இருந்தபோது அதனைப் பாக்குவெட்டியின் ஒரு வகை என்றே நான் எண்ணியிருந்தேன்.

“இது குண்டு வார்க்கிற அச்சு, மகன். எங்கட வாப்பாட சாமான்” என்றார் மாமா ஒருநாள்.

குண்டு என்ற சொல் எங்கள் மண்ணில் பின்னர் வேறு பொருள் பெற்றுவிட்டது. மாமா சொன்னது இடியன் துவக்கில் இடும் ஈய உருண்டையை. அடுப்புக்கரி நெருப்பில் அகப்பையை வைத்து ஈயத்தை உருக்கி, அச்சினுள் ஊற்றி, ஆறியதும் தட்டிக் கொட்டுவார்களாம். ஆனால் எந்த ஈயம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. கல்முனைக் கரையிலிருந்து வரும் வலை ஈயம் மெதுவானது; நகத்தால் கீறினாலே கோடு விழும். பழைய மோட்டார் வாகன பற்றரியை உடைத்து எடுக்கும் ஈயம் கடினமானது. மரைக்கு ஒன்று, காட்டெருமைக்கு வேறொன்று. பன்றிக்கு எந்த ஈயமானாலும் சரி. அதனை நாங்கள் உண்பதில்லை, பயிரைக் காக்க விரட்டுவதுதான். பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புவரை படித்த மனிதர், உலோகவியலின் ஓர் அத்தியாயத்தையே திண்ணையில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், நூலகத்தின் இலங்கைப் பிரிவில் சேர் சாமுவேல் பேக்கரின் வேட்டை நூல்களைப் புரட்டியபோதுதான் மாமாவின் திண்ணைப் பேச்சு மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்த வெள்ளைக்காரத் துரையும் இதே கேள்வியோடுதான் மல்லாடியிருக்கிறார்: எந்த விலங்குக்கு எந்த ஈயம்?

பேக்கர் பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர். அதற்கு முன்னர் 1846 இல் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்து, 1855 வரையில் இந்தத் தீவின் காடுகளில் அலைந்தார். துவக்கும் வேட்டை நாயும் பற்றிய அவரது நூல் 1853 இலும், எட்டாண்டு அலைச்சலைக் கூறும் நூல் 1855 இலும் இலண்டனில் வெளிவந்தன. அவர் மிக விரும்பிய வேட்டைக்களங்களுள் ஒன்று, ‘பார்க்’ என்று அவர்கள் அழைத்த பிபிலை, நில்கல பக்கத்துத் திறந்த புல்வெளிக் காடு. அதனூடாக ஓடிய ஆற்றைத் தமது நூலில் தமிழ்ப் பெயராலேயே, சற்றுச் சிதைந்த உச்சரிப்போடு, குறிப்பிடுகிறார். அது எங்கள் பட்டிப்பளை ஆறு. கல்ஓயா என்று இன்று வரைபடங்களில் இருப்பது. நீர் இறங்கி வரும் வழியில் இறக்காமமும் சம்மாந்துறையும் அந்த ஆற்றின் வயல்வெளிகளே. ஆகவே பேக்கரின் குண்டுகள் எங்கள் வட்டைக்கு மேலேயுள்ள காட்டில்தான் வெடித்தன என்று சொல்வது மிகையன்று.

அவர் ஏந்திய துவக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது இளைஞராக இருந்தபோதே, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துவக்குச் செய்பவரிடம் தமக்கென ஒரு ரைபிளை அவர் செய்வித்தார். எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். உள்ளே இரண்டே திருகு பள்ளங்கள். அதில் இடும் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். கூம்பு வடிவக் குண்டானால் 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். ஒரு வெடிக்கு 16 டிராம் கரிமருந்து. இன்றைய கணக்கில் அது 28 கிராம். உருண்டைக் குண்டின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு பட்டி இருக்கும். அந்தப் பட்டி குழலின் பள்ளங்களில் பொருந்திச் சுழன்று செல்லும்.

இவ்வளவு பாரம் எதற்கு? கரிமருந்தின் இயல்பு அப்படி. எவ்வளவு இட்டாலும் குண்டின் வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. வேகத்தைக் கூட்ட முடியாதவன் எடையைக் கூட்டினான். எடை கூடக் குழலின் வாய் அகன்றது. அகன்ற வாய்த் துவக்குகளின் காலம் பிறந்தது இப்படித்தான். அதன் உச்சத்தைப் பேக்கரே தொட்டார். 1861 இல் சூடான் நாட்டுக்குப் போனபோது அரை இறாத்தல் எடையுள்ள குண்டு பாயும் துவக்கொன்றை எடுத்துச் சென்றார். அதற்கு அங்குள்ள அறபிகள் இட்ட பெயர் ‘பீரங்கியின் பிள்ளை’. சுட்டவரையே பம்பரமாய்ச் சுழற்றிவிடும் அந்தப் பிள்ளையைக் கையாள அவருக்கே அச்சமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆனால் பருமன் மட்டும் போதவில்லை. யானையின் நெற்றி, வெளியே பார்க்கும்போது பாறை. உள்ளே தேன்கூடு போல, காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளையோ உடலின் அளவுக்கு மிகச் சிறியதாய், பின்னால், தாழ்வாக இருக்கிறது. மென்மையான தனி ஈயம் அந்தத் தேன்கூட்டு எலும்பில் மோதினால் தோசையைப் போலத் தட்டையாகி, வழி பிசகி, மூளைக்கு எட்டாமலே நின்றுவிடும். யானை திகைத்து விழும். சிறிது நேரத்தில் எழுந்து காட்டுக்குள் போய்விடும். ஆகவே அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் ஈயத்தோடு தகரத்தையோ அன்டிமனியையோ பாதரசத்தையோ கலந்து கடினமாக்கினார்கள். மறுபுறம், புலியும் சிங்கமும் மானும் போன்ற மெல்லிய தோலுடைய விலங்குக்கு இந்தக் கடினக் குண்டு ஆகாது. ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் ஊசியைப் போல வெளியேறிவிடும், விலங்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் தனி ஈயமே வேண்டும். உள்ளே விரிந்து, காளானைப் போலக் குடைபிடித்து, மறுபக்கத் தோலின் அடியில் தங்கிவிட வேண்டும். வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி 1890 இல் எழுதிய நூலில் பேக்கர் நிலைநாட்ட முயன்றது இதைத்தான். அந்நாளில் நாகரிகமாகிவந்த, முனையில் துளையிட்ட குண்டுகளை அவர் கடுமையாகச் சாடினார். உள்ளே போவதற்குள் அவை நொறுங்கிவிடும் என்பது அவரது வாதம். வலை ஈயமும் பற்றரி ஈயமும் என்று மாமா சொன்னதும் வேறல்ல.

இங்கே ஒரு சங்கடமான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை. எனவே இந்தக் கொலைகளில் பெரும்பகுதிக்குத் தந்த வியாபாரம்கூடக் காரணமில்லை. வாலை அறுத்து எடுத்துக்கொண்டு உடலை நரிக்கு விட்டுவிட்டுப் போனார்கள். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சேர் எமர்சன் டெனண்ட் 1859 இல் எழுதினார். கப்டன் கால்வே அதில் பாதிக்கு மேல். வீதிகள் அமைத்துப் புகழ்பெற்ற மேஜர் ஸ்கின்னர் ஏறக்குறைய அவ்வளவு. ரொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அரசாங்கமோ யானைத் தலைக்குச் சன்மானம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் அவ்வாறு பணம் கொடுக்கப்பட்டது என்பதும் டெனண்ட் தரும் தகவலே.

கொல்லப்பட்டவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு. தவறான ஈயத்தை மண்டையில் வாங்கிக்கொண்டு, சீழ் வைத்த புண்ணோடு காட்டுக்குள் போனவற்றுக்குக் கணக்கில்லை. துரை மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த களத்துக்குப் போய்விடுவார். புண்பட்ட கொம்பனோ அங்கேயே இருக்கும். அடுத்த போகத்தில் அதன் எதிரே போய் நிற்பவன் சேனைக்காரனும் வயற்காவற்காரனுமே.

இதே காலத்தில் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் யானையோடு பழகிய வேறொரு கூட்டம் இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஏறாவூரிலும் மன்னார்ப் பக்கத்திலும் வாழ்ந்த பணிக்கர்மார். தலைமுறை தலைமுறையாகக் கைவந்த கலை அது. தோலால் முறுக்கிய வார்க்கயிற்றோடு காலடித் தடம் பார்த்துப் போய், யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைத்துவிடுவார்கள். டெனண்ட் வியந்து வியந்து எழுதியது ரொஜர்ஸைப் பற்றியல்ல, இவர்களைப் பற்றித்தான். யானை உயிரோடு இருந்தால்தான் பணிக்கருக்குக் காசு. ஆகவே ஈயத்தின் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

கரிமருந்துக் காலத்தின் இன்னொரு குறை, ஒரு வெடிக்குப் பிறகு மறு வெடிக்கு ஆகும் நேரம். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். பேக்கருக்குப் பின்னால் மருந்தேற்றிய துவக்குகளைச் சுமந்து ஆட்கள் நின்றார்கள். யானை திரும்பி வந்தால் அவர்களில் சிலர் துவக்கோடு ஓடிவிடுவார்கள் என்பது அவரது நிரந்தர முறைப்பாடு. (கூலிக்குத் துவக்குச் சுமந்தவன் எதற்காகச் சாக வேண்டும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.)

இந்தக் குறைக்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. விசைப்பிடியின் கீழே ஒரு வளைந்த நெம்புகோல். அதனைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுந்தோட்டா வெளியே பாயும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். வின்செஸ்டர் கம்பனி 1873 இல் வெளியிட்ட மாதிரி உலகமெங்கும் பரவியது. 1886 இல் ஜோன் பிரவுனிங் வடிவமைத்த மாதிரி, .45-70 போன்ற பெரிய தோட்டாக்களைத் தாங்கியது. அதன் ஈயக்குண்டு 405 கிறெயின், ஏறத்தாழ 26 கிராம். ஆனால் இந்த வகையில் தோட்டாக்கள் குழலின் கீழேயுள்ள இன்னொரு குழாயில், ஒன்றன் முதுகில் ஒன்றன் மூக்கு முட்ட, வரிசையாகக் கிடக்கும். மூக்கு கூராக இருந்தால், அதிர்ச்சியில் முன்னுள்ள தோட்டாவின் வெடிமூடியைக் குத்தி, கையிலேயே வெடிக்கச் செய்துவிடலாம். ஆகவே இவற்றுக்குத் தட்டை மூக்குக் குண்டுகளையே செய்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த தட்டை மூக்கு, வேட்டைக்கும் நல்லதென்று பின்னர் தெரியவந்தது. சதையில் பலமாக அறையும். வழி பிசகாமல் நேரே போகும்.

1895 இல் வந்த மாதிரியில் பிரவுனிங் அந்தக் குழாயையே நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வயிற்றுப் பக்கத்தில் வைத்தார். இனி மூக்கு எந்த வடிவிலும் இருக்கலாம். 1904 இல் இதற்கென .405 என்ற தோட்டா பிறந்தது: 300 கிறெயின் குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 670 மீற்றர் வேகம். முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 1909 இல் கிழக்காபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது இதனை எடுத்துச் சென்று, சிங்கத்துக்கு இதுவே மருந்து என்று கொண்டாடினார். அதே நேரத்தில் யானைக்கென ஒரு கனத்த இரட்டைக்குழல் இங்கிலாந்துத் துவக்கையும் கூடவே வைத்திருந்தார். சிங்கத்துக்கு மருந்தான குண்டு யானைக்கு மருந்தாகாது. அது அகலம் கூடியது, நீளம் குறைந்தது. ஆழப் பாய்வதற்கு நீளம் வேண்டும். இதற்கு மறுகோடியில் நின்றவர் ஸ்கொட்லாந்துக்காரரான பெல். ஆபிரிக்காவில் அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது 7 மில்லிமீற்றர் குழலில் பாய்ந்த, 11 கிராமே எடையுள்ள, நீண்ட, முழுவதும் உறையிட்ட குண்டு. பேக்கரின் குண்டில் பத்தில் ஒரு பங்கு. அரை நூற்றாண்டுக்குள் குண்டின் பருமன் பற்றிய விவாதத்தை அதன் வடிவமும் உறையும் தோற்கடித்துவிட்டன.

அந்த உறையின் கதையில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்குண்டு. புகையில்லா மருந்து வந்ததும் குண்டின் வேகம் கூடியது. வெறும் ஈயம் குழலின் பள்ளங்களில் உரிந்து ஒட்டத் தொடங்கியது. அதற்காகச் செம்பு கலந்த உலோக உறையை அணிவித்தார்கள். உறையிட்ட குண்டு மனிதனைத் துளைத்துச் சென்றாலும் அவனை வீழ்த்துவதில்லை என்று எல்லைப்புறப் போர்களில் ஆங்கிலேயப் படை முறையிட்டது. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் ஆயுதச்சாலையில், 1890களின் பிற்பகுதியில், மூக்கில் மட்டும் உறையை நீக்கிய குண்டுகளைச் செய்தார்கள். உள்ளே போய் விரியும் அந்தக் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என 1899 இல் ஹேக் மாநாட்டில் நாடுகள் பல உறுதிபூண்டன. இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். மனிதன் மீது சுட்டால் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே வகைக் குண்டுதான், விலங்கின் மீது சுடும்போது இரக்கமானது என்று வேட்டைக்காரர்களால் விதிக்கப்படுகிறது. இரண்டு வாதத்துக்கும் நியாயம் இருக்கிறது. போரில் காயப்பட்டவனைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு. காயப்பட்ட மானைத் தூக்கிச் செல்ல யாருமில்லை.

.405 வின்செஸ்டரைத் தமிழ் மண்ணோடு பிணைத்தவர் கென்னத் அன்டர்சன். 1910 இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974 இல் மறைந்தவர். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர். அன்றைய சேலம் மாவட்டத்துக் காடுகளிலும் காவிரிக் கரையிலும் நீலகிரி அடிவாரத்திலும் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்த அவரது கையில் இருந்தது அந்த 1895 மாதிரித் துவக்குத்தான். 1954 இல் வெளிவந்த அவரது முதல் நூலின் தலைப்பிலேயே ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு கொம்பனும் இடம்பெற்றுள்ளன. அன்டர்சனைப் படிக்கும் இளைஞர்கள் அவரது துணிச்சலில் மயங்குகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது, ஒவ்வொரு விலங்கும் எப்படி ஆட்கொல்லியானது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதும் பொறுமை. செய்தியாளனின் வேலை அது. அந்த விசாரணை பலமுறை போய் முட்டும் இடம் ஒன்றே: யாரோ ஒருவன் முன்னொருநாள் சுட்ட அரைகுறை வெடி.

ஜிம் கோர்பெட்டின் அனுபவமும் அதுவே. குமாவோன் மலையில் 436 உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை அவர் 1907 இல் வீழ்த்தினார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துவக்குக் காயம். இயல்பான இரையைக் கடித்துக் கொல்ல முடியாத விலங்கு, புல்லறுக்கப் போன பெண்களிடம் வந்தது.

வின்செஸ்டர் வரும் இன்னொரு கதையும் உண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த 1920களை நினைவுகூர்ந்து 1936 இல் வெளியிட்ட கட்டுரை. மௌல்மேன் நகரில் மதம் கொண்ட யானையொன்று சங்கிலியறுத்து வருகிறது. ஓர்வெல் கையில் எடுத்துக்கொண்டு போவது ஒரு பழைய .44 வின்செஸ்டர், யானையைக் கொல்ல அது போதாது என்று அவருக்கே தெரியும். யானை மிதித்துச் சேற்றில் கிடக்கும் பிணத்தைக் கண்ட பின்னரே பெரிய துவக்குக்கு ஆளனுப்புகிறார். அந்தப் பிணம் ஒரு திராவிடக் கூலித் தொழிலாளியினுடையது. அவன் தமிழனா தெலுங்கனா என்று கட்டுரை சொல்லவில்லை, பெயரும் இல்லை. பெரிய துவக்கு வந்த பிறகும், செவித்துளையை நோக்கிச் சுடுவதற்குப் பதிலாக அதற்குச் சில அங்குலம் முன்னே சுடுகிறார். ஐந்து பெரிய வெடிகள், அதன் மேல் சிறிய துவக்கால் வெடிமேல் வெடி. அப்படியும் யானை சாக அரைமணி நேரமானது. ஏகாதிபத்தியத்தைப் பற்றிய கட்டுரை என்று அதனை எல்லோரும் கற்பிக்கிறார்கள். சரிதான். தவறான இடத்தில் புகுந்த குண்டைப் பற்றிய கட்டுரையாகவும் அதனைப் படிக்கலாம்.

இனி எங்கள் வட்டைக்குத் திரும்புவோம்.

ஆளுநர் ஹென்றி வார்ட் 1850களின் பிற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்துக் குளங்களைத் திருத்த முனைந்தபோது இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் அவற்றுள் அடங்கின. குளம் நிறைந்தது, வயல் விரிந்தது. மேற்கே காடு தொடர்ந்து இருந்தது. அம்பாறை அப்போது ஊரே அல்ல. நூறாண்டுக்கு முன்வரை அது வெள்ளைக்கார வேட்டைக்காரர் தங்கிச் செல்லும் இடம். 1949 இல் இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலை தொடங்கியபோதுதான் அங்கே நகரம் முளைத்தது. 1891 இலேயே யானையை வீணாய்க் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. 1916 இல் துவக்குச் சட்டம், 1937 இல் வனவிலங்குச் சட்டம், 1954 இல் கல்ஓயா தேசிய பூங்கா. சன்மானம் கொடுத்த அரசு தண்டம் விதிக்கும் அரசாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

என் பாட்டனார் தலைமுறையின் வேட்டைக்குப் பேக்கரும் அன்டர்சனும் அறியாத ஒரு நிபந்தனை இருந்தது. எங்கள் பகுதி முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அடித்துக் கொல்லப்பட்ட பிராணி உண்ண ஆகாது என்பது திருமறையின் விதி. அதீ பின் ஹாத்திம் என்ற நபித்தோழர், முனையுள்ள அம்பையும் அதன் அகலப்பக்கம் பட்டுச் செத்த வேட்டையையும் பற்றி நபிகளாரிடம் கேட்டதும், கூர்முனையால் கிழிபட்டதே ஆகும், அடிபட்டுச் செத்தது ஆகாது என்று விடை பெற்றதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. துவக்குக் குண்டு கிழிக்கிறதா, அடிக்கிறதா? ஷாஃபி அறிஞர்கள், உருண்டை எறிந்து கொல்வதைப் போல இதுவும் அடியே என்று கொண்டார்கள். எனவே வெடிபட்ட மான் உயிரோடு இருக்கும்போதே ஓடிப்போய் அறுத்தால்தான் அது ஹலால். அறுக்குமுன் செத்துவிட்டால் காட்டிலேயே விட்டுவிட வேண்டும். (அறபியில் துவக்குக்குப் பெயரே உருண்டை என்ற சொல்லோடு உறவுடையது. நம்முடைய துவக்கும் துப்பாக்கியும் துருக்கி மொழி வழியே வந்தவை என்பர் அகராதிக்காரர்.)

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பேக்கர் தேடியது விழுந்த இடத்திலேயே கொல்லும் குண்டு. என் பாட்டனார் தேடியது விழுத்தும், ஆனால் உடனே கொல்லாத குண்டு. மண்டையில் வைக்கலாகாது, நெஞ்சில் வைக்கலாகாது. தோளெலும்பை உடைக்க வேண்டும், அல்லது பின்தொடையை. மெதுவான ஈயம் எலும்பில் பட்டு விரிந்து நிற்கும், விலங்கு அந்த இடத்திலேயே மடங்கும். கடின ஈயம் ஊடுருவிப் போய்விடும்; அது ஓடும், தடம் பார்த்துப் போவதற்குள் செத்துக் கிடக்கும். துவக்குக்காரனோடு எப்போதும் கத்திக்காரன் ஒருவன் போவானாம். நல்ல ஓட்டக்காரனாக இருக்க வேண்டும் என்பதே அவனுக்குரிய தகுதி. “வெடி அரைவாசி, ஓட்டம் அரைவாசி” என்பார் மாமா.

இதில் இரக்கம் கூடுதலா குறைவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எலும்பு முறிந்து கிடக்கும் மானின் அந்தச் சில நிமிடங்களை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று: இந்த நிபந்தனையுள்ளவன் எட்டாத் தூரத்தில் சுடமாட்டான், இருட்டில் சுடமாட்டான், ஓடிப் பிடிக்க முடியாத காட்டில் சுடமாட்டான். கத்தியின் எல்லையே துவக்கின் எல்லையாக இருந்தது.

அந்த எல்லை யுத்தத்தோடு அழிந்தது. உரிமம் பெற்ற துவக்குகளை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தபோது மாமாவும் தம்முடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரசீது தந்தார்கள், துவக்கு திரும்பி வரவில்லை. ஆயுதமில்லாத விவசாயிகளின் வயல்களுக்குள் யானைகள் வந்தன. ஆயுதமுள்ளவர்களும் காட்டுக்குள் இருந்தார்கள், அவர்களுக்கு மான் பெரிதாகத் தோன்றவில்லை. யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் களவாக மீண்டன. இன்று அவற்றில் அச்சு வார்த்த குண்டு இடுவோர் அருமை. சைக்கிள் சில்லின் இரும்பு உருளைகள், வெட்டிய கம்பித் துண்டுகள், கிடைத்த எதுவும். இருட்டில், பரணிலிருந்து, யானையின் உருவத்தை நோக்கி. கொல்வதற்கல்ல, விரட்டத்தான் என்பார்கள். உண்மைதான், உடனே கொல்வதில்லை. காலில் புகுந்த இரும்பு மாதக்கணக்கில் அழுகும். நொண்டி யானை நீண்ட தூரம் நடந்து மேய இயலாது. வயலையும் கரும்பையும் விட்டு அகலாது. 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்த நாட்டில், 2023 ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்டவை மாண்டன. அதே ஆண்டில் யானையால் இறந்த மனிதர் நூற்றைம்பதுக்கு மேல். துவக்குக் காயமும், தீனிக்குள் ஒளித்து வைக்கும் ‘ஹக்க பட்டாசு’ வெடியும், மின்சாரக் கம்பியுமே யானை மரணங்களுக்கு முக்கிய காரணங்கள்.

எங்கள் வட்டையிலும் ஒரு நொண்டிக் கொம்பன் சில போகங்கள் நடமாடியது. முன்னங்கால் வீங்கியிருந்ததைப் பகலில் பலரும் கண்டார்கள். அதனைச் சுட்டவன் யாரென்று ஊரில் தெரியாமல் இருந்திருக்காது. ஒருவரும் சொல்லவில்லை. பரணுக்குக் காவலுக்குப் போன ஒரு முதியவரை அது ஒரு விடியற்காலையில் அடித்தது. ஜனாஸா வீட்டில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் யானையையே ஏசினார்கள். மாமா மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். திரும்பி வரும் வழியில்தான், “சைக்கிள் உருளை போட்டுச் சுட்டிருக்கானுகள்” என்றார்.

நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த காலத்தில் அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகள் கழிந்துகொண்டிருந்தன, கணினி வந்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மாமா என்னிடம் கேட்டார், அந்தப் பழைய எழுத்துகள் கொஞ்சம் கிடைக்குமா என்று. அச்செழுத்தின் ஈயத்தில் தகரமும் அன்டிமனியும் கலந்திருக்கும் என்பதும், வலை ஈயத்தைவிட அது எவ்வளவோ கடினமானது என்பதும் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. துவக்கு இல்லாத மனிதருக்கு அது எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்த எழுத்துகள் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். கோடு விழவில்லை. “இது யானைக்குரியது” என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து, காணி உறுதிகளின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவர் மறைந்த பிறகு பெட்டி என்னிடம் வந்தது. எழுத்துகள் இருபத்திமூன்று இருக்கின்றன. பெரும்பாலானவை ‘க’வும் ‘ன்’னும்.